நிச்சயதார்த்தத்தில் ஜெயித்த பாக்கெட் கேமரா

இன்று காலை பம்மலில் ஒரு மணப்பெண் வீட்டுக்கு, நான் எடுத்த நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டப் போனேன். பிடித்திருந்தால் கல்யாண வேலையும் எனக்குத்தான் என்று பேச்சு.

லேப்டாப்பைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "அண்ணா, இதுல என் பருவெல்லாம் தெரியுது."

"மிரர்லெஸ் கேமராம்மா. ஷார்ப்பாதான் இருக்கும்."

"இதப் பாருங்க" என்று போனை நீட்டினாள். அதே நிச்சயதார்த்தத்தில் அவள் தோழி, தன் அப்பாவின் பழைய பாக்கெட் கேமராவில் எடுத்த படங்கள். ஃப்ளாஷில் எல்லார் நெற்றியும் வெளுத்திருந்தது. பின்னால் இருட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். மாப்பிள்ளைக்குச் சிவப்புக் கண்.

"இதுல படம் பதியற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லம்மா."

"இருக்கட்டும்ணா. இதுலதான் நான் அழகா இருக்கேன். கல்யாணத்துக்கு இதே மாதிரி எடுப்பீங்களா? இல்லன்னா அவளையே எடுக்கச் சொல்லிடறேன்."

"எடுக்கறேன்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

சாம்பிள் கேட்டிருக்கிறாள். நாய்ஸே வராது என்று தேடித்தேடி வாங்கிய கேமராவின் படங்களில், இப்போது உட்கார்ந்து நாய்ஸ் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கேமராப் படங்களில் வருவதுபோல மூலையில் ஆரஞ்சு கலரில் தேதியும் வேண்டுமாம். அந்த ஃபாண்ட் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அறிவுரை வேண்டாம், ஃபாண்ட் மட்டும் போதும்.