மஞ்சள் தடவிய மனு

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த மறுவருஷம், பெரம்பலூர்ச் சந்தையில் ஆடுமாட்டோடு சேர்த்து ஆளையும் எடுத்தார்கள். சந்தை கூடும் நாளில் புளியமரத்தடியில் ஒரு மேசை போடுவார்கள். உயரம் பார்க்க ஒரு கம்பு, மார்பு அளக்க ஒரு நாடா. பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் பிடித்திருந்தார். மேலே காக்கிச் சட்டை, கீழே வேட்டி, கக்கத்தில் குடை. அந்தச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து அவர் தரையில் நடக்கவே இல்லை.

நான் அந்த வரிசையில் போய் நின்றது வெறும் வீம்புக்குத்தான். என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலின் வேலை அது. நின்றால் தெரியாது, நடந்தால் தெரியும். கூடப் படித்த பையன்கள் பட்டாளத்துக்குப் போய் பூட்ஸ் காலோடு போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நான் மட்டும் மாமாவின் கடலை மண்டியில் சோற்றுக்கு உட்கார வேண்டியதுதான் என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அங்கேயேதான். எனக்கு அது பொறுக்கவில்லை.

உயரம் சரியாக இருந்தது. மார்பும் சரியாக இருந்தது. காக்கிச் சட்டைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த வண்டி வரைக்கும் நடந்து காட்டுடா" என்றார்.

நடந்தேன். சந்தையே பார்த்தது.

"ஏன்டா, சர்க்காரு என்ன நொண்டியாட்டம் ஆடவா ஆள் எடுக்குது?" என்றார் அவர். தக்காளி விற்கிறவர்கள் முதல் தாம்புக்கயிறு விற்கிறவர்கள் வரை எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா அன்று சந்தையின் மறுகோடியில் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கூட்டத்தில் அவள் கண்ணுக்கு இது பட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நானும் சொல்லவில்லை. எங்கள் ஊரான வாலிகண்டபுரம் வரை இருவரும் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த வாரமே அரியலூரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனேன். ரயிலடிக்கு எதிரே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே சேர்ந்து, கோபத்தையெல்லாம் விரல் வழியாக இறக்கினேன். நான் அடித்தால் மேசை ஆடும். "மிஷின் என்னப்பா பாவம் பண்ணுச்சு?" என்று வாத்தியார் கேட்பார். அந்த வாத்தியார்தான் ஒருநாள் இங்கிலீஷ் பேப்பரை என் முன்னால் போட்டு ஒரு விளம்பரத்தைக் காட்டினார். திருச்சியில் ராணுவச் சாமான்கள் வைக்கும் கிடங்கு ஒன்றுக்கு சிவிலியன் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் தேவை.

சிவிலியன் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. துப்பாக்கி கிடையாது, பூட்ஸ் கிடையாது, அணிவகுப்பு கிடையாது. பட்டாளத்தின் கணக்கை வேட்டி கட்டிக்கொண்டே எழுதலாம், மாசம் பிறந்தால் சம்பளம் என்று வாத்தியார் விளக்கினார். பட்டாளத்துக்குள் போக இப்படியொரு பக்கவாசல் இருப்பதை அந்தக் காக்கிச் சட்டைக்காரர் யாருக்கும் சொன்னதே இல்லை. சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்?

யுத்த காலத்தில் நல்ல காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாத்தியார் தன் பெட்டியிலிருந்து ஒரே ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். உடலில் ஏதேனும் குறை உண்டா என்றும் எழுதும்படி விளம்பரத்தில் கேட்டிருந்தார்கள். எதுவும் போடாதே, நேரில் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் வாத்தியார். மறுபடி ஒருத்தன் என்னை நடக்கவிட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று நானே அடித்துவிட்டேன்: 'இடது கால் குட்டை. நடப்பேன். டைப் அடிப்பேன்.'

நன்னடத்தைச் சான்றுக்கு ஊர் மணியக்காரரின் கையெழுத்து வேண்டும். அதற்காக மனுவோடு ஊருக்கு வந்தேன். கையெழுத்தை வாங்கி, மனுவை மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் வெள்ளைத் தாளின் நான்கு மூலையிலும் ஈர மஞ்சள். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க! இது வெள்ளைக்காரன் ஆபீசுக்குப் போற காயிதம்!"

"அதுக்குத்தான்டா வச்சேன். நல்ல காரியத்துக்குப் போற காயிதத்த மொட்டையாவா அனுப்புவாங்க? மஞ்ச இல்லாம போறது கருமாதிக் காயிதம்டா."

கத்தினேன். தாளை உதறினேன். ஊதினேன். மஞ்சள் என்றைக்கு ஊதினால் போயிருக்கிறது? வேறு தாள் கிடையாது. மறுநாள் தபாலில் சேர்க்காவிட்டால் கெடு தாண்டிவிடும். சோறுகூடச் சாப்பிடாமல், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து அரியலூருக்குப் போய், அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன். எவனாவது இதைத் தொட்டுப் பார்ப்பானா என்று வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன்.

தொட்டுப் பார்த்தார்கள். நேரில் வரச்சொல்லி உத்தரவு வந்தது.

திருச்சிக் கிடங்கின் முற்றத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு கூட்டமே நின்றது. பி.ஏ. படித்தவர்கள்கூட இருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட தலைமைக் குமாஸ்தா வெளியே வந்தார். கையில் காகிதக் கட்டு. பெயரைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், "அந்த மஞ்சள் மனு யாருப்பா?" என்றார்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. சந்தையில் கேட்ட அதே சிரிப்பு. காது சுட, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. வெயிலில் வெந்து சிவந்த முகம். என் மனுவை மூலையில் பிடித்துத் தூக்கிக் காட்டி, இது என்ன அழுக்கு என்று இங்கிலீஷில் கேட்டார். அழுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஜிவ்வென்று ஏறியது. வழியெல்லாம் அம்மாவை நான் திட்டலாம், இவர் யார்? பயத்தில் மறந்திருந்த இங்கிலீஷ் எல்லாம் வாய்க்கு வந்தது.

"அழுக்கு இல்லை ஐயா, மஞ்சள். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போம், சாவுக் கடிதத்துக்கு வைக்க மாட்டோம். எனக்கு இந்த வேலை கிடைக்கும் என்று என் தாயார் நினைக்கிறார். அதனால் வைத்தார்."

"நான் கொடுப்பதற்கு முன்பேவா?"

"பத்திரிகையைக் கல்யாணத்துக்கு முன்னால்தானே கொடுப்பார்கள், ஐயா?"

தலைமைக் குமாஸ்தா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மனுவைப் படித்துக்கொண்டே போனார். 'நடப்பேன். டைப் அடிப்பேன்' என்ற வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. இதோ, நடந்து காட்டச் சொல்லப்போகிறார் என்று வேட்டியை இறுக்கிக்கொண்டேன்.

"உட்கார்" என்றார்.

எதிரே ஒரு நாற்காலி. அதன் முன்னால் டைப்ரைட்டர். தலைமைக் குமாஸ்தா ஒரு பக்கத்தை நீட்டினார். உட்கார்ந்த மனிதனுக்கு இரண்டு காலும் ஒரே உயரம்தான். புளியமரம், நாடா, காக்கிச் சட்டை, முற்றத்துச் சிரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அடித்தேன். மேசை ஆடியது, மசிக்கூடு ஆடியது. தாளை உருவி நீட்டியபோது அதிகாரி அதைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒரு பிழை கிடைக்கவில்லை. திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்.

அன்றைக்கு அரியலூரில் ரயிலைவிட்டு இறங்கும்போது எனக்கு இருந்த கர்வம் இந்தப் பூமிக்குத் தாங்காது. வீட்டுக்குப் போனதும், "கெடச்சிருச்சும்மா" என்றேன். "பின்ன?" என்றாள் அம்மா, குழம்பைக் கிளறிக்கொண்டே.

சேதி பரவியது. பரவியது என் டைப் வேகம் இல்லை, அம்மாவின் மஞ்சள். பூலாம்பாடியிலிருந்துகூட ஆட்கள் மனுவை எடுத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள். படித்தவன், கோட்டுப் போட்டவன், எவனாக இருந்தாலும் அவள் கையால் வைத்தால்தான் ஆச்சு. கிடங்கில் தலைமைக் குமாஸ்தா என்னிடம் கெஞ்சினார்: "ஒரு மூலைக்கு வச்சாப் போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லுப்பா. கட்டுக் கட்டா வருது, வெரலெல்லாம் ஒட்டுது."

நான் லீவில் ஊருக்கு வந்திருந்த ஒருநாள், வாசலில் ஒரு குடை வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரர். கையில் ஒரு மனு.

"ஆத்தா, எந்தம்பிக்கு மாரு பத்தலன்னு பட்டாளத்துல தள்ளிட்டாங்க. கிளார்க்கு வேலைக்காவது போடலாம்னு... ஒங்க கையால கொஞ்சம் மஞ்ச வச்சுக் குடுங்க."

அம்மா மனுவை வாங்கிக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வைக்கிறேங்க. அதுக்கு முந்தி அந்த வேப்பமரம் வரைக்கும் நடந்து காட்டுங்க."

"என்ன ஆத்தா?"

"நடந்து காட்டுங்கன்னேன். எம் புள்ளையச் சந்தையில நடக்க விட்டீங்கள்ல? கத்தரிக்காக் கூடைக்குப் பின்னாலேருந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். 'விடும்மா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை, இன்றைக்கும் வராது. அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து வந்தாள். கஞ்சத்தனம் இல்லாமல் நான்கு மூலைக்கும் வைத்தாள்.

"போயிட்டு வாங்க. தம்பிக்குக் கெடைக்கும்" என்றாள்.

கிடைத்தது. அவன் வேலைக்கு வந்த முதல் நாள், என் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றேன்.