வால் இல்லாத பாம்பும் அத்தையின் விசிலும்

கல்யாணமாகி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன புதிதில் எனக்கு அந்த வீட்டில் பேச்சுத் துணை என் நாத்தனார்தான். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே நடிகருக்கு ரசிகைகள் என்று தெரிந்த அன்று, அடுப்பில் இருந்த பாலை மறந்து பேசியதில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அத்தை, அதாவது என் மாமியார், வந்து பார்த்து அடுப்பைத் துடைத்துவிட்டுப் போனார். அவர் எப்போதும் அளந்துதான் பேசுவார். எனக்குக் கொஞ்சம் பயம்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின வாரம், பரணிலிருந்து பரமபதப் படத்தை எடுத்தால் நடுவில் எலி கடித்த பெரிய ஓட்டை.

"கடையில வாங்க வேண்டாம் மைனி, நாமளே செஞ்சிருவோம். நம்ம ஆள வச்சு!" என்றாள் நாத்தனார்.

லேப்டாப்பில் உட்கார்ந்தோம். ஏணிகளுக்கு எங்கள் ஆளின் வெற்றிப் படங்கள். பாம்புகளுக்கு எங்களை நோகடித்த விஷயங்கள்: ரிலீஸ் தள்ளிப்போவது, இடைவேளையில் கரண்ட் போவது, கிளைமாக்ஸை முன்கூட்டியே சொல்லிவிடும் சித்தப்பா. அந்தப் பாம்புக்குச் சித்தப்பாவின் மீசையையே வைத்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஏணி ஏறுகிறவர் விசில் அடிக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெருமாள் எடத்துல யாரு?"

"பெருமாளேதான் அத்தை. இவரு அதுக்குக் கீழ் கட்டத்துல, கும்பிட்டுக்கிட்டு நிக்காரு."

"அப்பஞ் சரி" என்று உள்ளே போய்விட்டார்.

கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடப் போனோம். நாலு தாளாக எடுத்து ஒட்டுவது திட்டம். எங்களுக்குப் பின்னால் காகிதக் கட்டோடு நின்ற வக்கீல் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சொத்துத் தகராறா? வரைபடம் கலர்கலரா இருக்கு?"

"பரமபதம் சார்."

அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். "அட, நம்ம தலைவரு! தம்பி, எனக்கும் ஒரு செட் போடுப்பா. பொறவு மனுவைப் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, தாளின் ஓரத்தில் ஒரு பாம்பின் வால் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. தலை இருக்கிறது, வால் இல்லை. அதுவும் மீசைப் பாம்பு.

ஏகாதசியன்று கோயிலுக்குப் போய்வந்து மத்தியானம் கூடத்தில் விரித்தோம். போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற மாமா, என் வீட்டுக்காரர், நாங்கள் மூவர். மாமா எடுத்த எடுப்பில் தாயம் போட்டு விறுவிறுவென்று போனவர், நேராக மீசைப் பாம்பின் வாயில் போய் விழுந்தார்.

"வால் எங்கட்டி?" என்றார் மகளிடம்.

"பிரிண்ட்ல போயிருச்சுப்பா. அடிக்கு எறங்கிருங்க."

"வால் இல்லன்னா சாட்சி இல்ல. சாட்சி இல்லாம என்னை எப்படி எறக்குவ?"

"சர்வீஸ் பூரா இப்படித்தான் கேஸை முடிச்சியளாக்கும்?" என்று அத்தை கேட்டதும் என் வீட்டுக்காரர் தரையில் உருண்டு சிரித்தார். மாமா முறைத்துக்கொண்டே காயை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து அத்தை. கட்டையை உருட்டினார். ஏணி! பெரிய ஏணி, நேராக மேல் வரிசைக்கு.

"விசில் அடிக்கணும்மா" என்று நாத்தனார் கிண்டலாகச் சொன்னாள்.

அத்தை எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். முந்தானையில் விரலைத் துடைத்தார். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள்! ஜன்னலில் இருந்த காக்கா பறந்தது. எதிர்வீட்டில் கதவு திறந்தது. மாமாவுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"ஏம்மா, இத எங்க படிச்ச?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நானும் ராஜபாளையத்துக்காரிதானலே. தியேட்டர்ல பொம்பளையாளுக பக்கம் மொத விசில் என்னுதுதான். இந்தா, இவளுக்கும் தெரியும்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு விசிலே அடிக்கத் தெரியாது. காற்றுதான் வரும். ஆனால் அத்தை முதன்முதலாக என்னைத் தன் கட்சியில் சேர்த்துப் பேசியிருந்தார். "ஆமா அத்தை" என்றேன், சந்தோஷம் தாங்காமல். அந்த ஆட்டத்தில் அவரே ஜெயித்தார். மாமா மட்டும் இன்றுவரை தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.