கறியும் மாத்திரையும்

என் தம்பிக்குக் காது குத்திய அன்று எல்லாமே நேரத்துக்கு நடந்தது, மாமாவின் கைகால்களைத் தவிர.

அவர் என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். ஏம்பலத்தில் கரும்பு வைத்திருந்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமாவுக்கோ கைநடுக்க வியாதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்திரை வேலை செய்தால் வரப்பில் விறுவிறுவென்று நடப்பார். செய்யாவிட்டால் மரக்கட்டைதான். எப்போது செய்யும், எப்போது செய்யாது என்று அவருக்கே தெரியாது. அத்தை அதைக் கண்ணேறு என்று முடிவு செய்து, மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கரையாம்புத்தூரில் எங்கள் குலதெய்வக் கோயில். விடியும்போதே கிடா வெட்டியாயிற்று. ஈரலை மிளகு போட்டு வறுத்து, முதல் தட்டை அம்மா தன் அண்ணனுக்குத்தான் கொண்டுபோனாள். மாமா இட்லியோடு அதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டார். ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தபோது அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. வலது கை தன்பாட்டுக்கு ஆடியது.

"இந்தக் கைல புள்ளய குடுத்தா ஊசி எங்க பூரும்னே தெரியாதும்மா. மாமன் மொறையில வேற யார்னா உக்காரட்டும், நேரம் போவுது" என்றார் பெரியப்பா. அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. விடுமுறையெல்லாம் மாமா வீட்டில்தான். கறி வேகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாயங்காலம் வரை கட்டிலிலேயே கிடப்பார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் முட்டைகூட வேகாது. அன்றைக்கு அவர் அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. இது ஏன் என்று பல நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

"அம்மா, கறி துன்னா மாமாக்கு மாத்திரை வேல செய்யறதில்ல" என்றேன்.

"இன்னாடி ஒளர்ற?" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது.

மாமா என்னையே பார்த்தார். "அவ சொல்றது செரிதான் போல கீது" என்றார் மெல்ல. "மத்தியானம் ஒண்ணும் துன்னாம போட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் இருங்கப்பா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணன் மடியிலதான் குத்தணும்" என்று சொல்லிவிட்டாள். பந்தி நடந்தது. மாமா தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தார். நானும் சாப்பிடாமல் எதிரே குந்தி அவர் பாதங்களையே பார்த்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் அடங்கி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடந்து வந்து, தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தம்பி வீறிட்டான். மாமாவின் பிடி நழுவவில்லை.

பின்னாளில் நான் மருந்தியல் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. நரம்புகளிடையே சேதி கொண்டுபோகும் டோபமின் மாமாவின் மூளையில் குறைந்திருந்தது. அதையே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதன் வடிவத்துக்கு அங்கே வாசல் இல்லை. அதனால் ஒரு சிறு துணுக்கு கூடுதலாக ஒட்டிய மூலக்கூறைக் கொடுக்கிறார்கள். அந்தத் துணுக்கோடு அது புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களின் சாயலில் இருப்பதால், அவற்றின் வாசல் வழியே நுழைந்துவிடும். உள்ளே போனதும் துணுக்கு கழன்று டோபமினாகி, நரம்பில் தனக்குரிய குழியில் பொருந்தும். ஈரல் தின்ற காலையில் அதன் அமினோ அமிலங்களால் அந்த வாசலில் ஒரே நெரிசல். மாத்திரைக்கு வழி கிடைக்கவில்லை.

அன்று வேனில் திரும்பும்போது எல்லோரும் என்னை மெச்சினார்கள். மாமா மட்டும் ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. கறியைப் பிடுங்கிவிட்டேன் என்று என்மேல் கோபம் போலும் என நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏம்பலத்தில் இறங்கும்வரை அவர் கை என் தோளிலேயே கிடந்ததை நான் பொருட்படுத்தவில்லை. சிரிப்பதற்கும் முகத்துக்கு டோபமின் வேண்டும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?