குறி இல்லாத கோபுரம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல் அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கணினித் திரையை அவள் நம்ப மாட்டாள். எதையும் தாளில் அச்செடுத்து, மேலே இரும்பு அளவுகோலை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தால்தான் திருப்தி. விமான வரைபடங்கள் தயாரிக்கிற அரசு அலுவலகத்தில் சரிபார்ப்பு அவள் வேலை. அவள் கையெழுத்து விழாமல் ஒரு தாளும் அச்சகத்துக்குப் போகாது.

விமான வரைபடம் என்றதும் ஏதோ பூட்டி வைத்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கொட்டை எழுத்தில் ஒரு எண் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் மலையோ கட்டடமோ கோபுரமோ, எது எல்லாவற்றையும்விட உயரமோ, அதன் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுக் கணக்கிட்ட உயரம் அது. அந்த எண்ணுக்கு மேலே பறக்கிறவன் எதிலும் மோத மாட்டான். மேகம் அந்த எண்ணுக்கும் கீழே இறங்கிக் கிடந்தால், அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சங்கதி அவ்வளவுதான்.

இந்த எண்ணின்மேல் அவளுக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் தம்பி. அம்மா போனபிறகு அவனுக்குத் தலை வாரி, சோறு போட்டு, அடித்து அணைத்து வளர்த்தது அவள்தான். வளர்ந்தவன் போயும் போயும் விமானம் ஓட்டப் போனான். அதுவும் பெரிய விமானமா? இல்லை. மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளிகளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற சின்ன விமானம். மேகமானாலும் மழையானாலும் கூப்பிட்டால் போயாக வேண்டும். மலைப்பக்கம் கிளம்புமுன் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, புதுத் திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்வான். அக்காவே வரைந்த படத்தை அக்காவிடமே கேட்பது என்ன கூத்து என்று அவள் கணவர் கேலி செய்வார். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற சாது மனிதர். வம்பு வழக்கு என்றால் காத தூரம் ஓடுவார்.

வம்பு அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. புதிதாக எடுத்த வான்வழிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வடக்குக் கட்டத்தில் ஒரு மேட்டின்மேல் ஓர் இரும்புக் கோபுரம் நிற்பதை அவள் கண்டுபிடித்தாள். பழைய படத்தில் அது இல்லை. வழக்கம்போலக் குறி போட்டு, எண்ணையும் ஏற்றி, மேலாளரிடம் கொடுத்தாள். மறுநாளே ராணுவத்திலிருந்து பதில் வந்தது. அந்த இடத்தில் எதுவும் இல்லை, குறியை எடுத்துவிடவும் என்று ஒற்றை வரி. கூடவே, அந்த மேட்டை ஒட்டிப் போகிற பெரிய விமானங்களின் வழியைக் கொஞ்சம் வளைத்து வரையச் சொல்லி இன்னொரு வரி.

இல்லாத கோபுரத்துக்கு எதற்கு வழியை வளைக்க வேண்டும் என்று அவள் வாய் வரை வந்தது. மேலாளர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். வேலையில் சேரும்போது ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள். குறியை எடுத்தாள். வழியை வளைத்தாள். ஏற்றிய எண்ணை மட்டும் தொடவில்லை. எண்ணை இறக்கு என்று யாரும் சொல்லவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் இறக்கச் சொல்லுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள். தம்பியிடமும் மூச்சு விடவில்லை. எண் சொல்லிவிடும், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

எண் தம்பிக்கு மட்டுமா சொல்லும்? படம் அச்சாகிக் கடைக்கு வந்தது. எங்கேயோ ஒரு கணக்கு வாத்தியார். வரைபடம் வாங்கிக் கூட்டிக் கழிப்பது மனிதருக்குப் பொழுதுபோக்கு. வடக்குக் கட்டத்தில் இருக்கிற மலைகளில் எதை எடுத்துக் கூட்டினாலும் அந்த எண் வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் வளைந்த வழியைப் பார்த்தார். எந்த மேட்டைச் சுற்றி வளைகிறதோ அங்கே வட்டம் போட்டு, இந்த மேட்டின்மேல் நம் கண்ணுக்குத் தெரியாமல் என்ன நிற்கிறது என்று இணையத்தில் எழுதிவிட்டார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. காலைச் செய்தித்தாளில் அவள் வரைபடமே வந்திருந்தது. கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, கடைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கே விசாரணை. அலுவலகத்தின் கூட்ட அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. சீருடை இல்லை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மேலாளர், நேற்று வரை அக்கா அக்கா என்று பேசியவர், இன்றைக்கு அவள் முகத்தையே பார்க்கவில்லை. அவள் போனை வாங்கி மேஜையின் நடுவில் வைத்தார்கள்.

அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. குறியை எடுத்தவர் எண்ணை ஏன் விட்டீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கவனக்குறைவு என்றால் அப்படியே எழுதிக் கொடுங்கள், வேலையோடு போய்விடும் என்றார். வேண்டுமென்றே விட்டது என்றால் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்த குற்றம், சிறைக்குப் போக வேண்டிவரும் என்றார். மேலாளர் முதல்முறையாக நிமிர்ந்து, கவனக்குறைவு என்று சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். பாவம், அவரும் கெட்டவர் இல்லை.

அவளுக்கும் அப்படியே சொல்லிவிடத்தான் ஆசை. கணவர் முகம் கண்முன்னால் வந்தது. சரி, எழுதிக் கொடுக்கிறேன் என்று தாளை இழுத்துக்கொண்டாள். முதல் வரியும் எழுதிவிட்டாள். அப்போதுதான் அதிகாரி, ஏதோ ஆறுதல் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"பயப்படாதீங்க. தப்பைச் சரிபண்ணியாச்சு. எண்ணை இறக்கி, திருத்தம் இப்பத்தான் விமானிங்க எல்லாருக்கும் போயிருக்கு."

பேனா நின்றுவிட்டது. கையெழுத்து யாருடையது என்று கேட்டாள். மேலாளர் தன்னுடையது என்று முனகினார். அந்தப் பக்கம் சின்ன விமானங்கள் போகின்றன சார், மேகம் இறங்கினால் அந்த எண்ணை நம்பித்தான் மேட்டைத் தாண்டுவார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. மேஜையின் நடுவில் இருந்த போன் அடித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது.

யார் என்று அதிகாரி கேட்டார். அவள் சொன்னாள். அவன் விமானி என்றதும் அவர் கண் ஒரு கணம் சுருங்கியது. எடுங்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வையுங்கள், சாதாரணமாகப் பேசிவிட்டு வைத்துவிடுங்கள் என்றார். பொத்தானை அழுத்தினாள்.

என்ஜின் இரைச்சலுக்கு நடுவில் தம்பியின் குரல் உற்சாகமாக வந்தது.

"அக்கா, வடக்குக் கட்டத்துல எண் இறங்கியிருக்கே, பாத்தியா? விடியக்காலையிலேர்ந்து ஓட்டம், பேப்பர்கூடப் பாக்கலை. ஒரு பிரசவ கேஸ். ரத்தம் நிக்கலையாம். சுத்திக்கிட்டுப் போனா நேரமாகும்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப மேகத்துக்குக் கீழயே மேட்டைத் தாண்டிடலாம்ல?"

அதிகாரி மெதுவாகத் தலையை ஆட்டினார். தாண்டலாம் என்று சொல்லச் சொல்கிறாரா, எதுவும் சொல்லாதே என்கிறாரா என்று தெரியவில்லை. எதுவானால் என்ன, இரண்டும் ஒன்றுதான். அவள் பேசாமல் இருந்தாலும் அவன் தாண்டத்தான் போகிறான். பாதி எழுதிய தாள் முன்னால் கிடந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும்தான் போகும். வாயைத் திறந்தால் எல்லாம் போகும்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"போகாதடா," என்றாள். "மேட்டு மேல கோபுரம் நிக்குது. படத்துல இருக்காது. என் கண்ணால பாத்தேன். எண்ணை நம்பாத, சுத்திக்கிட்டே போ."

அதிகாரி பாய்ந்து போனை எடுத்து அணைத்தார். தம்பி சரி என்றானா, இரைச்சலில் அவனுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

மேலாளர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம் தெரிந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். எழுதிய வரியை அடித்துவிட்டு, எண்ணை வேண்டுமென்றேதான் விட்டேன், கோபுரத்தைப் பற்றி என் தம்பியிடம் சொன்னதும் நான்தான் என்று அவளே எழுதினாள். வழக்கம்போல வரிகள் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தன. கீழே கையெழுத்துப் போடுகிற இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

"போடுங்க," என்றார் அதிகாரி.

"போடறேன் சார். விமானம் இறங்கிடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் போடறேன்."

சட்டம் பேசுவார், மிரட்டுவார் என்று மேலாளர் எதிர்பார்த்தார். அதிகாரியோ எழுந்து ஜன்னலண்டை போய், தன் போனில் யாரையோ கூப்பிட்டார். காத்திருந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொண்டுவந்த பெண் கதவைத் திறந்து, உள்ளே நிலவரத்தைப் பார்த்து, வந்த வழியே போய்விட்டாள். ஜன்னல் வெளிச்சம் மங்கி, யாரோ விளக்கைப் போட்டார்கள்.

கடைசியில் அவர் திரும்பினார்.

"இறங்கிடுச்சு," என்றார். "அந்தப் பொண்ணையும் ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டுபோயிட்டாங்களாம்."

அவள் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.