மகள் பிறந்த ஜில்லா

பிளானோவில் எங்கள் இமிக்ரேஷன் வக்கீலம்மா கேட்டது ஒரே ஒரு தாள், மகளின் பிறப்புச் சான்றிதழ். கைவசம் இருந்தது, நாங்கள் ஜெர்மனியில் இருந்தபோது அவள் பிறந்த ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டு, அது செல்லாதாம். பல வருஷம் காத்திருந்து, கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும் முறை அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. மகளுக்கு இருபத்தொன்று முடிவதற்குள் போட்டாக வேண்டும். தவறினால் அவள் பெயர் எங்கள் ஃபைலிலிருந்து விழுந்துவிடும். கையில் நாலு மாசம் இருந்தது.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். கவர்மெண்ட் ஆபீஸ் விஷயத்தில் எனக்குத் திமிர் ஜாஸ்தி. நம்மூரில் எதுவானாலும் கலெக்டர் ஆபீஸைப் பிடித்தால் நடந்துவிடும் இல்லையா? அதே நினைப்பில், அவள் பிறந்த சிற்றூரை ஆண்ட ஜில்லாவின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கடிதம் திரும்பி வந்தது. அந்த ஜில்லாவே இப்போது இல்லை.

விடுவேனா? நான் பிறந்த தென்னாற்காட்டையே கூறு போட்டதைப் பார்த்தவன். வேலை முடிந்து வந்ததும் அந்த ஜில்லாவின் ஜாதகத்தைத் தோண்ட உட்கார்ந்துவிடுவேன். ஏதோ ஒரு ராஜா காலத்தில் உண்டானது. போருக்குப் பின் எல்லையை மாற்றினார்கள். கிழக்கும் மேற்கும் ஒரே நாடானபின் பக்கத்து ஜில்லாவோடு சேர்த்தார்கள், அதையும் மகள் பிறந்த பிறகு இன்னொன்றில் கரைத்தார்கள். ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரு கடிதம் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

'உங்கள் ஊர் டவுன் ஹாலைக் கேளுங்கள்' என்று ஓர் அதிகாரி பதில் எழுதினார். தட்டிக்கழிக்கிறான் பார் என்று தூக்கிப் போட்டேன்.

"பேக்கரிக்கு எதிர்லதானே இருந்துது? கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அது பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. அவங்ககிட்ட என்ன இருக்கப்போவுது? சும்மா இரு!"

கடைசியில் என்னிடம் சொல்லாமல் அவளே மெயில் போட்டாள். மறுநாளே பதில் வந்தது. பிறப்புப் பதிவேடு முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. தபாலில் தாள் வந்து சேர்ந்தபோது மகளுக்கு இருபத்தொன்று முடிந்து ஆறு நாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஜில்லாவின் பெயரே இல்லை.

மனைவி அதை வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு சேர்த்து ஃபைலில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜையில் மகள் இனி இங்கே தங்கிப் படிக்கத் தனக்கென்று ஸ்டூடண்ட் விசா ஃபார்மை நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இட்ஸ் ஓகேப்பா. ஐ வில் டேக் கேர்" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.