சூளைக்கு நான்கெல்லை

கனகசபாபதிக்கு ஒரு தாளில் வெற்றிடம் இருந்தால் கை சும்மா இருக்காது. வரி முடிந்து நாலு விரல் இடம் மிச்சம் இருந்தால்கூடப் போதும், ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுத்து மூடிவிடுவார். பத்திரம் எழுதுகிற எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். காலியாக விட்டால் பிற்பாடு எவனாவது அங்கே ஒரு சொல்லைச் செருகி, அரைக் காணியை வாரிக்கொண்டு போய்விடுவான். ஆனால் இவருக்கு அது வழக்கத்தைத் தாண்டி வியாதியாகவே முற்றியிருந்தது. மளிகைக் கடைக்குக் கொடுக்கும் சீட்டில்கூடக் கோடு போடுவார் என்று அவர் மனைவி ஜகதாம்பாள் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தக் கோடுதான் அவரை ஒரு சூளைக்குத் தலைவராக்கியது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் தேவநாதன், முத்திரைத்தாள் விற்பவன். விருத்தாசலம் ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரே என் மேசையும் கனகசபாபதியின் மேசையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் தாள் கொடுப்பேன், அவர் எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஊர்ப் பாதி நிலம் அவர் பேனா வழியாகக் கைமாறியிருக்கும். ஆனால் அவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் கடைசி வரியில் மட்டும்தான் வரும்: 'எழுதியது, கனகசபாபதி.' அதற்கு மேலே ஒரு வரி ஏறச் சொன்னாலும் மனிதருக்கு வியர்த்துவிடும். சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடப் பயம்.

1969 மார்ச் மாதத் தொடக்கத்தில் பீங்கான் கொட்டகைக்காரர்கள் மூன்று பேர் அவர் மேசைக்கு வந்தார்கள். மின்சாரப் பலகைக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் பச்சமுத்து, கருவேப்பிலங்குறிச்சியில் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். டீக் கப்பு செய்யும் சாமிதுரை. பொம்மை செய்யும் தங்கம்மாள். மூன்று பேருக்கும் கொட்டகை உண்டு, சூளை கிடையாது. இன்னொருவர் சூளையில் மிச்ச இடம் கேட்டுத்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதிலும் ஆண்கள் இருவருக்கும் நடுவில் இடம் கிடைத்துவிடும். தங்கம்மாளுக்கு எப்போதும் வாசல் பக்கம்தான். சூளை வாசலை எப்படி அடைத்தாலும் கொஞ்சம் காற்று உள்ளே போகும், காற்றுப் பட்ட பொம்மை கழுத்தோடு வெடிக்கும். பத்து வருஷமாக அவள் அப்படித்தான் காலம் தள்ளினாள்.

இப்போது கடலூரில் ஓர் அலுவலகம், மூவருக்கும் பொதுவாக ஒரு சூளை கட்டத் தீச்செங்கல்லும் இரும்பும் வரைபடமும் தருகிறேன் என்றிருந்தது. ஆனால் முதலில் ஒரு தொடக்கப் பத்திரம் வேண்டும். என்ன வேலை, எதற்காக, வேலைக்குள் எது அடங்கும், எது அடங்காது, எப்போது முடியும், யார் ஒருவர் பொறுப்பு. இதையெல்லாம் எழுதி மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுக்காவிட்டால் செங்கல் வேறு ஊருக்குப் போய்விடும்.

"வெள்ளைத்தாளே போதும்னாங்க ரைட்டரய்யா" என்றார் பச்சமுத்து.

கனகசபாபதி முகத்தைச் சுளித்தார். "சூளை கட்டறதுன்னா வெளையாட்டா? தேவநாதா, முத்திரைத்தாள் எடு."

எனக்கென்ன, கொடுத்தேன். அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எச்சில் புரையேறிவிட்டது. மனிதர் வாழ்நாளில் கிரயப் பத்திரம் தவிர வேறெதையும் எழுதியதில்லை. 'மேற்படி சூளையைத் தாங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சூரிய சந்திரர் உள்ளவரை, யாதொரு வில்லங்கமுமின்றி ஆண்டு அனுபவித்துக்கொள்வீராகவும்' என்று கட்டாத சூளையை விற்றே கொடுத்துவிட்டார்!

பத்து நாளில் அது திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலில் இரண்டு குறிப்பு. சூரிய சந்திரரை அடித்துவிட்டு, 'வேலை என்று முடியும்?' என்று கேட்டிருந்தார்கள். பக்கத்தில், 'எது உட்பட்டது, எது உட்படாதது என்று இல்லை.'

கனகசபாபதி இரண்டு நாள் அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மேசைக்கு வந்ததும், "உட்பட்டது, உட்படாததுன்னா என்னாப்பா? நான்கெல்லைதானே! அதைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றார். பேனாவைத் திறந்து விறுவிறுவென்று எழுதினார். என்னிடம் இன்னும் அதன் நகல் இருக்கிறது.

'இந்த வேலைக்கு நான்கெல்லையாவது: களிமண் பிசைந்து பொருள் செய்வதற்கு மேற்கு. சுட்ட பொருளைச் சந்தைக்கு அனுப்புவதற்குக் கிழக்கு. அவரவர் கொட்டகைப் பராமரிப்புக்கு வடக்கு. அவரவர் சொந்தச் சண்டை சச்சரவுக்குத் தெற்கு. இதன் மத்தியில் உள்ள சூளை ஒன்றும் புகைபோக்கி ஒன்றும் மட்டும். இதில் மூவருக்கும் பிரிவுபடாத பொதுவில் மூன்றில் ஒரு பாகம். முதல் முறை சுட்டுச் சூளை பிரிக்கும் நாளோடு இந்த வேலை முற்றும். பொறுப்பாளர் அதிகாரமும் அன்றே முற்றும்.'

நான் சிரிக்க வாயெடுத்தேன், சிரிப்பு வரவில்லை. இவ்வளவு துப்புரவாக ஒரு வேலையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பொறுப்பாளர் யார்? அங்கேதான் வண்டி நின்றது. பச்சமுத்து பெயரைச் சொன்னால் சாமிதுரை எழுந்தார். சாமிதுரை பெயரைச் சொன்னால் பச்சமுத்து துண்டை உதறினார். தங்கம்மாள் பெயரை நான்தான் சொன்னேன். அதுவரை அடித்துக்கொண்டவர்கள் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகிவிட்டார்கள்.

"பொம்பளைக்குக் கீழ நின்னு நாங்க சூளை கட்றதா? நல்லாருக்குதே!" என்றார் சாமிதுரை.

தங்கம்மாள் கையில் காய்ந்திருந்த களிமண்ணை உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை. மூவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. 'பொறுப்பாளர்' என்ற சொல்லுக்கு எதிரே இடம் காலி. டீ குடித்துவிட்டு முடிவு செய்து வருகிறோம் என்று போனார்கள். டீ குடித்தார்கள், முடிவு வரவில்லை, கடலூர் பஸ் வந்துவிட்டது. பச்சமுத்து ஓடி வந்து, "அங்க போயி எழுதிக்கறேன்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

அவர் போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் கனகசபாபதியின் முகம் வெளுத்தது.

"தேவநாதா, அந்தக் காலி இடத்த நான் என்னா செஞ்சேன்?"

"என்ன செஞ்சிருப்பீங்க? கோடு போட்டிருப்பீங்க."

போட்டிருந்தார். அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கை தன் பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. பொறுப்பாளர் என்ற சொல்லிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே கோடு. இடம் கொஞ்சமாக இருந்ததால், எழுதியவர் பெயரையும் அந்தக் கோட்டின் மேலேயே ஒட்டினாற்போல வைத்துவிட்டார். 'எழுதியது' என்ற சொல் அந்தக் கோட்டோடு கோடாகக் கலந்து மறைந்துபோனது. பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரியும்? பொறுப்பாளர், கனகசபாபதி. அவ்வளவுதான் தெரியும்.

ஏப்ரலில் ஒப்புதல் வந்தது, முத்திரையோடு. பொறுப்பாளர் திரு. கனகசபாபதி அவர்கள் வேலையை உடனே தொடங்கலாம்.

"நீ பார்த்துட்டு சொல்லியிருக்கலாமே பச்சமுத்து!" என்று இவர் கதறினார்.

"நான் எதுக்குங்க வாயத் தெறக்கணும்? சாமிதுரை பேரு இல்ல. அது போதும்னு வந்துட்டேன்" என்றார் பச்சமுத்து. சாமிதுரைக்கும் அதே திருப்தி, பச்சமுத்து பெயர் இல்லையே என்று. ஜகதாம்பாள் மட்டும் அவரை விடவில்லை. "இருபத்திரண்டு வருஷம் ஊரார் சொத்தா எழுதினீங்க. கடைசியில உங்களுக்குன்னு ஒரு சூளைய எழுதிக்கிட்டீங்களா? வூட்ல அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது!"

மனிதர் உட்கார்ந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுத ஆரம்பித்தார். பாதி எழுதியிருப்பார், தங்கம்மாள் வந்து மேசை முன்னால் நின்றாள்.

"அதை அனுப்பாதீங்கய்யா."

"எனக்குச் சூளையப் பத்தி என்னாம்மா தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேணாம். திருத்தம்னு போனா எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கும். செங்கல்லு வேற ஊருக்குப் போயிடும். சிதம்பரத்துக் கடையில எரநூறு கொலு பொம்மை கேட்டிருக்காங்க. நவராத்திரிக்குள்ள சுட்டுக் குடுத்தா என் கொட்டகை நிக்கும். இல்லன்னா பூட்டிட்டு ஸ்ரீமுஷ்ணத்துல அண்ணன் வூட்டுக்குப் போறதுதான். அண்ணி சோறு போடுவாங்க. ஆனா அந்தச் சோறு எனக்கு வேணாம்ங்க."

கனகசபாபதி பேனாவை மூடினார். பிறகு தாளை நாலாகக் கிழித்தார். அவர் எழுதின தாளை அவரே கிழித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து, ஆபீஸ் மூடியதும் குடையை இடுக்கிக்கொண்டு பத்திர நகலோடு சூளைத் திடலுக்குப் போனார். செங்கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லை தெரியும். சூளைக்குப் பக்கத்தில் தன் கப்பை விற்க ஒரு கடை போடலாமே என்றார் சாமிதுரை. இவர் நகலைப் பிரித்து, "சூளை சந்தைக்குக் கிழக்குன்னா சந்தை நம்ம மேற்கெல்லை. கடை அதுக்கு வெளிய இருக்குது" என்றார். என் ஃபியூஸ் கேரியருக்குத்தான் கிராக்கி அதிகம், எனக்கு இரண்டு பங்கு இடம் வேண்டும் என்றார் பச்சமுத்து. "பிரிவுபடாத பொதுவில் மூன்றில் ஒரு பாகம். கையெழுத்து யாருது?" என்றார் இவர். இருவரும் கைகலக்கப் பார்த்த ஒரு சாயங்காலம், "வடக்கெல்லை! வடக்கெல்லைக்கு அந்தப் பக்கம் போய் அடிச்சிக்குங்க!" என்று குடையை நீட்டி விரட்டினார். கொத்தனார்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அடித்துக்கொள்ள வந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆவணியில் புகைபோக்கி எழுந்து நின்றது. இனி அடுக்க வேண்டும். எந்த இடம் யாருக்கு? ஆண்கள் இருவரும் தங்கம்மாளையும் வாசல் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள், பழக்கம். கனகசபாபதி விடவில்லை. பிரிவுபடாத பாகம் என்றால் எந்த மூலையும் எவருக்கும் சொந்தமில்லை, சீட்டுத்தான் என்றார். குலுக்கிப் போட்டார்.

நடு இடம் தங்கம்மாளுக்கு. பின்பக்கம் பச்சமுத்துவுக்கு. வாசல் பக்கம் சாமிதுரைக்கு.

சாமிதுரை அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயாயிரம் கப்புங்க. அத்தனையும் வெடிச்சிடும்" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக்கூடப் பாவமாக இருந்தது, அந்த ஆள் பேசின பேச்சு மறக்காதபோதும்.

தங்கம்மாள் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள். "எழுந்திருங்கண்ணே. முன்வரிசையில பொருள் வைக்காதீங்க. வெத்து மண்பெட்டியா அடுக்குங்க, காத்து அதுங்க மேல மோதட்டும். வாசல் செங்கல்லுக்கு ரெண்டு பூச்சு. முதல் பூச்சு காஞ்ச பொறவுதான் ரெண்டாவது. பத்து வருஷமா அந்த எடத்துல நின்னவ சொல்றேன்."

பாதி நாள் தன் அடுக்கலை விட்டுவிட்டு அவருக்கு அடுக்கிக் கொடுத்தாள். நெருப்பு வைத்தார்கள். இரண்டு நாள் எரிந்தது, மூன்று நாள் ஆறியது. அந்த ஐந்து நாளும் கனகசபாபதி எழுதின பத்திரங்களில் அடித்தல் திருத்தல் தாங்கவில்லை.

சூளை பிரித்த அன்று நானும் கடையை மூடிவிட்டுப் போனேன். கப்புகளை உள்ளே வைத்துச் சுட்ட வாசல் பக்க மண்பெட்டிகள் முதலில் வந்தன. சாமிதுரை ஒவ்வொரு கப்பையும் விரலால் தட்டிப் பார்த்தார். கணீர் கணீர் என்றது. உடைந்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும். பின்னாலேயே தங்கம்மாளின் பொம்மைகள், மயிலும் ராஜா ராணியும் செட்டியாரும் செட்டிச்சியுமாக, ஒரு கழுத்திலும் வெடிப்பில்லை. அவள் ஒரு ராணியை முந்தானையால் துடைத்துத் துடைத்து, பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

கனகசபாபதி நகலை எடுத்து, 'பொறுப்பாளர் அதிகாரமும் அன்றே முற்றும்' என்ற வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். வாசித்துவிட்டு ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் திரும்ப வந்தார்கள். சூளை கட்டியாயிற்று, இனி அதை நடத்த ஒரு பத்திரம். நான் முத்திரைத்தாளை எடுத்து வைத்தேன். தாளின் பின்னால் வாங்குகிறவர் பெயரை நான் எழுத வேண்டும்.

"யார் பேருக்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த சண்டைக்குத் தயாராக நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பச்சமுத்து சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கம்மா பேருக்குப் போடுங்க. பொறுப்பாளரும் அவங்கதான்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "பேனா குடுங்க" என்றாள்.

கனகசபாபதி எழுதினார். பொறுப்பாளர் என்று எழுதி, எதிரே இடம் விட்டு, பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். கொடுத்த இடம் முழுவதும் அவள் பெயரே நிரம்பிவிட்டது, கோடு போட இடமே இல்லை. பிறகுதான் அவர் பேனாவை வாங்கி, அரைப் பக்கத்துக்குக் கீழே போய், 'எழுதியது' என்று பெரிதாக எழுதித் தன் பெயரைச் சின்னதாக வைத்தார்.

"நல்லாப் பாரு தேவநாதா" என்று தாளை என் மூக்குக்கு நேரே பிடித்தார். "என் பேரு தள்ளித்தானே இருக்குது?"