மடியில் விழாத அரிசி

எழுவான்கரையில், பெருந்தெருவை ஒட்டி எங்கள் வீடு. ஆடி மாதத்துக் கதிர்காமத் திருவிழாவுக்கு மாங்கேணிப் பக்கமிருந்து நடந்து போகும் கூட்டம் எங்கள் வாசலால்தான் போகும். வேல் தூக்கிய கிழவி ஒருத்தி முன்னால் வருவாள். இன்றிரவு எங்கே படுக்கை, நாளைக்கு என்ன சாப்பாடு என்று அவளுக்கே தெரியாது. கோவில் கண்ட இடத்தில் படுத்து, ஊரார் மடியில் போடும் அரிசியைப் பொங்கித் தின்று போவார்கள்.

ஒரு வருடம் அந்தக் கிழவி, "வாறியா புள்ள?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு, மாற்றுச் சேலை ஒன்றோடு வந்து நின்றாள். அது பழைய நேர்த்தி. அண்ணனுக்குச் சின்ன வயதில் நெருப்புக் காய்ச்சல் கண்டு எல்லோரும் கைவிட்டபோது, "இவனத் தந்தா மடிப்பிச்சை எடுத்து நடந்தே வாறன்" என்று முருகனிடம் சொல்லியிருந்தாள். அண்ணன் பிழைத்தான். அரசாங்கக் கந்தோரில் உத்தியோகமும் பார்த்தான். அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

அவன் வாசலை மறித்தான்.

"நினைச்ச உடன வெளிக்கிட இதென்ன சந்தையா அம்மா? காடு. வாற வருசம் ஒழுங்காப் போவம்."

ஒழுங்கு என்றால் அவனுடைய ஒழுங்கு. அடுத்த ஆடி வருவதற்குள் பொத்துவில் வரைக்கும் சாமான் ஏற்ற மாட்டுவண்டி பேசினான். எந்த ஊரில் யார் வீட்டில் தங்குவது என்று ஆள் அனுப்பிக் கேட்டான். கடைசியில் அரிசி மூட்டையும் வந்து இறங்கியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரிசிய நாமளே கொண்டு போனா, பிச்சை எங்க மகன் எடுக்கிற?"

"எண்ட அம்மா ஊர் ஊராப் பிச்சை எடுக்கிறதா? நான் கந்தோரில எப்பிடி முகம் காட்டுற?"

அவன் பயந்தது காட்டுக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மூட்டையோடு வரமாட்டேன் என்றாள் அம்மா. மூட்டை இல்லாமல் விடமாட்டேன் என்றான் அவன். மாங்கேணிக் கூட்டம் வந்தபோது, அந்த மூட்டையிலிருந்தே அள்ளி அவர்களுடைய மடியில் போட்டுவிட்டு அம்மா உள்ளே போனாள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு "வாற வருசம்". அம்மாவின் முழங்கால் அண்ணனுடைய திட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. கிணற்றடிக்குப் போகவே என் தோளைப் பிடிக்கவேண்டி வந்த பிறகு, அவன் வாடகைக் கார் பிடித்தான். சோறு, கறி, தண்ணீர் என்று ஒரு குறையும் வைக்கவில்லை.

கதிர்காமத்தில் கும்பிட்டு முடிந்ததும் அம்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்து முந்தானையை விரித்தாள். ஊரிலிருந்து நடந்தே வந்த சனம் பக்கத்தில் அரிசி பொங்கிக்கொண்டிருந்தது. அவள் அண்ணனைத்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க ஒரு பிடி வாங்கிப் போடு மகன்."

"சனம் பாக்குது அம்மா, எழும்புங்க" என்று சொல்லிவிட்டு அவன் டிரைவரைத் தேடிப் போனான்.

முகம் தெரியாத ஒரு பெண் வந்து ஒரு பிடி போட்டாள். அம்மா அதை முந்தானையில் முடிந்தாள். "நடந்து வரல்ல முருகா" என்றாள். கார் வெளிக்கிட்டது. தேத்தண்ணி எந்த ஊரில் குடிப்பது, இருட்டுக்கு முன் எங்கே போய்ச் சேருவது என்று அண்ணன் முன்சீற்றிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.